ரேஷன் புழுங்கல், கேப்பை, கம்பு, ‘வேதாகம மாவு’: எங்கள் வீட்டுப் பானைக்கு எது?

போன தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு (கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்தார் கூடும் ஜெபக் கூட்டம்) ஒரு அக்கா மாவுப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். கோதுமை, பார்லி, இரண்டு வகைப் பயறு, தினை, கம்பு எல்லாம் கலந்த மாவு. அட்டையிலேயே ‘எசேக்கியேல் 4:9’ என்று வேதாகம வசனத்தை அச்சடித்திருந்தது. கடவுளே எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பு, சர்க்கரைக்கும் கேட்கும், மூட்டுவலிக்கும் கேட்கும் என்றார். நானும் ஒன்று வாங்கினேன். அந்த அரைக் கிலோ காசுக்கு ஒரு வாரம் சாளை மீன் வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாங்கியது மாமிக்காக. அறுபத்தெட்டு வயது, ஏழு வருடமாகச் சர்க்கரை. மூன்று வேளையும் சோறுதான், அதைத் தொட்டால் கோபம் வரும். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இன்று காலையில் போனால் நாளைக் காலையில்தான் கரை. பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம். ஒரே பானையில் இந்த மூன்று வகை வயிற்றுக்கும் பொங்க வேண்டும் என்பதுதான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பிரச்சினை. அந்தப் பாக்கெட் கிளப்பிவிட்ட யோசனையில் ஒரு வருடமாக ஒவ்வொரு தானியமாக மாற்றிப் பார்த்தேன். எதை வைத்துக்கொண்டேன், எதை விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வசனத்தை முதலில் முழுசாகப் படியுங்கள்

பாக்கெட்டில் 9-ஆம் வசனம் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அதிகாரம் முழுவதையும் படித்தேன். அது ஆரோக்கியக் குறிப்பே இல்லை. எருசலேமை எதிரிகள் முற்றுகை போடப்போகிறார்கள், ஊருக்குள் பஞ்சம் வரப்போகிறது என்பதை ஜனங்களுக்கு நடித்துக் காட்டச் சொல்லி எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு வந்த கட்டளை அது. ஒரே தானியத்தில் அப்பம் சுடும் அளவுக்கு எதுவும் இருக்காது, பானையைச் சுரண்டி கிடைத்ததையெல்லாம் கலந்து தின்பீர்கள் என்று அர்த்தம். அதிலும் ஒரு நாளைக்கு இருபது சேக்கல் நிறைதான், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 230 கிராம். அப்படி 390 நாள். ஜனங்கள் அப்பத்தை ‘நிறையின்படியே விசாரத்தோடே’ சாப்பிடுவார்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அந்த அப்பத்தை எதை எரித்துச் சுடச் சொன்னார் என்றும் அங்கேயே இருக்கிறது. அதை ஏனோ யாரும் அட்டையில் போடவில்லை; படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தப் பட்டியல் கம்பில் முடிகிறது. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘குசெமெத்’ என்ற வார்த்தை. கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம் ஒன்று. நம் ஊரில் அது விளைவதில்லை. மொழிபெயர்த்தவர்கள் நம் வாய்க்குத் தெரிந்த கம்பைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, நல்ல வேலைதான் செய்தார்கள். ஆனால் ‘வசனத்தில் உள்ளபடியே’ என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

சரி, மாவு கெட்டதா? இல்லை. தானியத்தோடு பயறு சேர்ந்தால் புரதம் நன்றாகிறது. தானியத்தில் குறைவதைப் பயறு ஈடுகட்டும். ஆனால் அதற்குப் பாக்கெட் எதற்கு? சோற்றோடு மீன் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் குறையே வராது. இட்லிக்கு உளுந்து போடுகிறோமே, அதுவும் இதே கணக்குதான்.

அந்த 230 கிராம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2000 கலோரி போதும் என்கிற ஆளுக்குத் தானியம் 250 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். பஞ்சக் காலத்தின் அளவு என்று நாம் பயப்படுவதும், இன்று போதும் என்று சொல்லும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முன்னது சுட்ட அப்பத்தின் எடை, பின்னது சமைக்காத தானியத்தின் எடை. தவிர, எசேக்கியேலுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வழிகாட்டியில் பருப்பு, காய், பழம் எல்லாம் தனியாக உண்டு. அதனால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் எங்கள் வீட்டு அரிசி டம்ளரை நிறுத்துப் பார்த்தேன். 150 கிராம். மாமி மட்டும் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் அரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த அரிசி என்ற கேள்வியைவிட எத்தனை டம்ளர் என்ற கேள்விதான் பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கோதுமைதான் உசத்தியா?

பக்கத்து வீட்டு மதினி ஒரு வாதம் வைத்திருக்கிறார். நற்கருணை அப்பம் கோதுமை, ஆண்டவர் தேர்ந்தெடுத்தது கோதுமை, அதனால் சப்பாத்திதான் கிறிஸ்தவச் சாப்பாடு. முதல் பாதி சரி. அப்பம் கோதுமையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அது பலிபீடத்துக்கு உரியது, நம் அடுப்படிக்கு இல்லை. வேதாகமத்தில் அரிசி ஒரு இடத்திலும் வருவதில்லை, அதற்காக அரிசி பாவமாகிவிடுமா? அந்த நாட்டில் அது விளையவில்லை, அவ்வளவுதான். போஜனமானது நம்மை தேவனுக்கு உகந்தவர்களாக்கமாட்டாது என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். தானியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உடம்பையும் காசையும் பார்த்தால் போதும் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

உடம்புக் கணக்கில் கோதுமைக்கு நல்ல மார்க்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனால் மைதாவும் கோதுமைதான். தவிடும் முளையும் போன பிறகு மைதாவில் நிற்கும் நார், பச்சரிசி அளவுதான். எங்கள் பக்கம் கோதுமை என்று வயிற்றுக்குள் போவதில் பாதி பரோட்டாவாகத்தான் போகிறது. அது போக, நான் சப்பாத்தி சுட்டால் மாமி இரண்டு தின்றுவிட்டு, ‘சோறு எங்கத்தா?’ என்று கேட்பார். சப்பாத்திக்கு மேல் சோறு என்றால் கணக்கு இன்னும் மோசம். மீன்குழம்புக்குச் சப்பாத்தி ஒட்டுவதும் இல்லை. கோதுமையை ஞாயிறு ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

பையன் கையில் இருந்தது எந்த அப்பம்?

ஒரு பையனின் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து இயேசு கூட்டத்துக்கே சாப்பாடு போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த அப்பம் வாற்கோதுமை அப்பம் என்று யோவான் மட்டும்தான் எழுதியிருக்கிறார். வாற்கோதுமை என்றால் பார்லி. அது அந்த நாட்டு ஏழைகளின் தானியம். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, அதே பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை என்று விலையே இருக்கிறது. பஞ்ச விலைதான், ஆனாலும் விகிதம் தெரிகிறது பாருங்கள். கடற்கரையோரத்துப் பையன், கையில் மீன், கூட மலிவுத் தானியத்து அப்பம். இதைப் படித்தபோது என் மாமியின் அம்மா கதைதான் ஞாபகம் வந்தது. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போவாராம். திரும்பும்போது அதே கூடையில் கம்பும் கேப்பையும் (கேழ்வரகு) இருக்குமாம். அரிசிச் சோறு பண்டிகைக்கும் கோவில் அசன விருந்துக்கும்தானாம்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் வாற்கோதுமை எது என்று கேட்டால் நான் கம்பைத்தான் சொல்வேன். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் மழையை மட்டும் நம்பி வந்தவை. பார்லியைக் கடையில் வாங்கிக் கஞ்சி வைத்துப் பார்த்தேன். நார்ச்சத்து நிறைய, உடம்புக்கு நல்லது. ஆனால் காய்ச்சல்காரக் கஞ்சி என்ற பெயர் அதற்கு ஒட்டிவிட்டது. பிள்ளைகள் தொடவில்லை.

கம்பு

இதைத்தான் அதிகமாகச் சோதித்தேன். 100 கிராமில் நார் 11 கிராமுக்கு மேல், புரதம் 11 கிராம், இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். பச்சரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பை மாவாக வாங்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம். அரைத்த சில நாளிலேயே கசப்பு ஏறும், நம் உப்புக்காற்று ஈரத்தில் இன்னும் சீக்கிரம். எனக்குக் கிடைத்த முதல் பாக்கெட் கடையிலேயே கசந்துபோனது. மாமி ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார். முழுக் கம்பாக வாங்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் இடித்துப் புடைத்து, குருணையாக உடைத்துச் சோறாகப் பொங்கினேன். உரல் இல்லாதவர்களுக்கு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் போதும். கம்மஞ்சோற்றுக்கு மீன்குழம்பு ஊற்றினால் அரிசிச் சோற்றைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, காலையில் மோர், சின்ன வெங்காயத்தோடு கரைத்தால் அப்புறம் டீகூடத் தேவைப்படாது.

மாமி முதல் வாரம் முறைத்தார். இரண்டாவது வாரம் தன் அம்மா கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

கேப்பையில் நான் ஏமாந்தது

கேப்பை என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. சுண்ணாம்புச்சத்தில் அதை அடிக்க ஆளில்லை. 100 கிராமில் 364 மில்லிகிராம். அரிசியில் அது பத்துக்கும் குறைவு. நாரும் கம்புக்குக் கிட்டத்தட்ட சமம். அதை நம்பித் தினமும் காலையில் கேப்பைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், சர்க்கரை இறங்கவே இல்லை. வீட்டு மெஷினில் குத்திப் பார்த்தால் கஞ்சி குடித்த அன்றைக்கு ஏறுவது சோறு தின்ற அன்றைக்குச் சளைத்ததாக இல்லை. நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சினால் வயிற்றுக்குள் மெல்ல வேலையே இல்லாமல் சர்க்கரையாகிவிடுகிறது. அதே கேப்பையைக் கெட்டிக் களியாகக் கிண்டி, கீரையோ கருவாட்டுக் குழம்போ வைத்துக் கொடுத்தபோது ஏற்றம் குறைந்தது. தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது, அதை எந்த உருவத்தில் தின்கிறோம் என்பதும் உண்டு. ஓட்ஸும் அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் வேகும்படி நசுக்கி வைத்ததை விலை கொடுத்து வாங்கி, பாலும் சீனியும் போட்டுக் குடிப்பதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

பிள்ளைகளுக்குக் கேப்பைக் கஞ்சி நல்லதுதான். வளரும் எலும்பு, ஓடியாடுகிற உடம்பு. அவர்களுக்குக் கருப்பட்டி போட்டுத் தருகிறேன்.

குதிரைவாலி, சாமை, வரகு பற்றி ஒரு வார்த்தை: கடையில் வெள்ளை வெளேர் என்று மின்னினால் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அரிசிக்குச் செய்ததையே அதற்கும் செய்துவிட்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பழுப்பாக, கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அரிசியை என்ன செய்வது?

விட முடியாது, விடவும் வேண்டாம். ரேஷனில் 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது எங்கள் தெருவை அந்த அரிசிதான் காப்பாற்றுகிறது. அந்த நேரத்தில் ஒரு வீட்டில் போய், ரேஷன் அரிசி விஷம், சிறுதானியத்துக்கு மாறு என்று சொல்கிறவர்கள் தங்கள் பையிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

ரேஷனில் பச்சரிசி, புழுங்கல் இரண்டும் இருந்தால் புழுங்கலை எடுங்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. நாரும் பச்சரிசியைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்புறம் இந்தப் ‘பிளாஸ்டிக் அரிசி’ விவகாரம். ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைப் பொறுக்கி எறிகிறார்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக வார்த்து, நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலந்தது. எறிந்தால் எறிகிறவர்களுக்குத்தான் நட்டம்.

காசு இருக்கிற மாதத்தில் சித்திரைக்கார் வாங்குகிறேன். நம் மாவட்டத்து மானாவாரி வயலில் விளைகிற சிவப்பரிசி. தவிடு போகாமல் வாங்கினால் மென்று தின்ன வேண்டியிருக்கும். அதனாலேயே ஒரு கரண்டி குறைவாகப் போகிறது. ஊறவைக்காமல் உலையில் போட்டால் கேஸ் தீர்ந்துவிடும், ராத்திரியே ஊறப்போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். காய்ந்த முண்டு மிளகாய் நாலைந்தைப் பானைக்குள் போட்டு வைப்பேன். மிளகாய்க்கு நம் ஊரில் பஞ்சமா? விலை கடை அரிசியைவிட எக்கச்சக்கம் என்பதால் மாதம் முழுவதற்கும் இது கட்டுப்படியாகாது.

கடலுக்குப் போகிறவரின் கணக்கு வேறு. ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வருகிற உடம்பிடம் போய் 250 கிராம் வழிகாட்டியை வாசிக்க முடியாது. யோவான் 21-ஆம் அதிகாரத்தில், ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படாத சீடர்களுக்குக் கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராக இருந்தது. அவர்களுக்கு யாரும் அளவு போடவில்லை. என் வீட்டுக்காரருக்குக் காலையில் பழைய சோறுதான், நெத்திலிக் கருவாட்டோடு. ராத்திரி ஊறி ஆறின சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது, புளிப்பதில் பி வைட்டமினும் கூடுகிறது. இவருக்கு அதெல்லாம் வேண்டாம், குளிர்ச்சியாக இருக்கிறது என்பது போதும்.

பனங்கிழங்கை விட்டுவிடக் கூடாது. தை மாதத்தை ஒட்டி சாயல்குடிப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும். அவித்த கிழங்கு இரண்டு தின்றால் சாயங்காலப் பசிக்குப் போதும். நார் நார் என்று நாமே பல்லில் இழுத்துப் பார்க்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இதையே கிழித்துக் காயப்போட்டு ஒடியலாக்கி, அந்த மாவில் மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். நாம் அவிப்பதோடு நிறுத்திவிட்டோம்.

தவக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை

வெள்ளிக்கிழமை இறைச்சி விடுவது எங்களுக்கு ஒரு தியாகமே இல்லை, மற்ற ஆறு நாளும் மீன்தான். அதனால் மாமி போன்றவர்கள் சாப்பாட்டையே விடுகிறார்கள். போன பெரிய வெள்ளியன்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு சிலுவைப் பாதைக்கு நின்று, ஒன்பதாம் தலத்தில் வேர்த்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கோவிலில் ஊற்றின வெள்ளைக் கஞ்சியை இரண்டு டம்ளர் குடிக்க, சாயங்காலம் சர்க்கரை எகிறியது. ஒருசந்தி என்கிற நோன்புக் கடமை 18 வயது முடிந்தவர்களுக்கு, அதுவும் அறுபதாவது வயது தொடங்கும் வரைதான். நோயாளிகளுக்கும் கிடையாது. இருக்கத்தான் வேண்டும் என்றால் மாத்திரை அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றைக் குறைத்துக் கம்புக்கு மாறுகிறபோதும் அப்படித்தான், மாத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கினால் தலை சுற்றும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் இப்படி ஓடுகிறது. ரேஷன் புழுங்கல் மதியத்துக்கு எல்லாருக்கும். மாமிக்கு அரை டம்ளர் அரிசியின் சோறு, தட்டில் முதலில் மீனும் காயும் வைத்த பிறகுதான். ராத்திரி மாமிக்கும் எனக்கும் கம்மஞ்சோறு அல்லது கேப்பைக் களி. பிள்ளைகளுக்கு இட்லி, தோசை. வாரத்தில் இரண்டு நாள் மாவில் கம்பைச் சேர்த்து ஆட்டுகிறேன், அவர்களுக்குத் தெரியாது. இவருக்குப் பழைய சோறு, அதில் கை வைக்க எனக்கு தைரியம் இல்லை. மாமியின் மூன்று மாத சராசரிச் சர்க்கரை குறைந்திருக்கிறது. அது கம்பாலா, சோற்றின் அளவு குறைந்ததாலா என்று என்னைக் கேட்டால் அளவுதான் என்பேன். மாமியைக் கேட்டால் அந்தோனியார் என்பார்.

அந்த வேதாகம மாவில் கால் பாக்கெட் ரொம்ப நாள் டப்பாவில் கிடந்தது. போன வாரம் தேங்காயும் கருப்பட்டியும் போட்டுப் பிள்ளைகளுக்கு அடை சுட்டுக் கொடுத்துத் தீர்த்தேன். நன்றாகவே இருந்தது. கேஸ் தீர்ந்துபோனதால் கொல்லையில்தான் சுட்டேன்; எரித்தது சீமைக்கருவேல விறகு.